கோப்பி ஸ்டோரின் தகரக் கதவு

எங்கள் தோட்டத்தில் அவர்களை முங்கிக்கப்பல் துரைமார் என்று சொல்வார்கள். தண்ணீருக்கு மேலே போகிற கப்பலில் இந்தக் கரைக்கு வந்து சேர்வதற்குள்ளேயே குடல் வாய்க்கு வந்துவிட்ட ஜனங்கள் நாங்கள். தண்ணீருக்கு அடியில் போகிற கப்பல் ஒன்று இருக்கிறது, அதற்குள் மனிதர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து ஜெர்மன்காரனோடு சண்டை போட்டார்கள் என்றால் எங்கள் ஜனங்கள் குடியிருக்கிற லயத்தில் யார் நம்புவார்கள்? அவர்கள் மீனா மனுஷனா என்று ஒரு கங்காணி என்னிடமே கேட்டார். நான் கதை அளக்கிறேன் என்றே பலரும் வைத்துக்கொண்டார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. அந்தத் துரைமாருக்குச் சமைத்துப் போட்டவன் நான். அவர்கள் பேசுவது என் காதில் விழாமல் வேறு யார் காதில் விழும்?

லுணுகலைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில், பெரிய துரையின் பங்களாவில் நான் கோக்கி. துரை வீட்டுச் சமையல்காரனுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். மூன்று துரைமார் மாறியும் அடுப்படியில் நான் மாறவில்லை. அவர்களுடைய பாஷையைப் பேச எனக்கு நாக்கு வளையாது. ஆனால் அடுப்புக்கும் மேசைக்கும் நடந்து நடந்து காது பழகிவிட்டது. நாலாவதாக வந்தவர் முங்கிக்கப்பல் துரை. பெரிய சண்டை முடிந்ததும் இவர்களைப் போன்ற பலருக்கு அவர்கள் சர்க்காரில் வேலை இல்லாமல் போய்விட்டது. அப்படி வந்தவர்களில் ஒருவர் பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் துரையானார். அவர்தான் மூத்தவர். அவர் எழுதி எங்கள் துரையை வரவழைத்தார். அவர்கள் இரண்டு பேரும் ஒரே கப்பலில் இருந்தவர்கள். வேறு கப்பல்களில் இருந்த இன்னும் மூன்று பேர் பண்டாரவளையிலும் ஹல்துமுல்லையிலும் பெரகலைக்கு மேலேயும் இருந்தார்கள். ஐந்து பேரும் சேர்ந்து ஒரு கூட்டம் வைத்துக்கொண்டார்கள். கூடுமிடம் எங்கள் பங்களா.

வருஷத்தில் மூன்று நாலு தடவை கூடுவார்கள். வந்தால் முதலில் மேசை விரிப்பின் மேல் உப்புக் குப்பியையும் மிளகுக் குப்பியையும் நகர்த்தி, எந்தக் கப்பல் எந்தப் பக்கம் போனது என்று சண்டை போடுவார்கள். உப்பைக் கொட்டிக் கடல் என்பார்கள். அள்ளுவது நான். பிறகு பியானோவைச் சுற்றி நின்று பாடுவார்கள். அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுவதே மரியாதை. அவர்களுடைய பெரிய பண்டிகைக்கு முன்னால் தேயிலையைச் சின்னச் சின்னத் தகரப் பெட்டிகளில் போட்டு, செத்துப்போன கப்பல்காரர்களின் பெண்டாட்டிமாருக்கு அனுப்புவார்கள். ஒரு பெட்டிகூட நசுங்கக்கூடாது. எங்கள் துரை ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்ப்பார். தாலி இழந்தவர்களுக்கு இவ்வளவு தூரத்திலிருந்து நினைத்து அனுப்புகிறார்களே என்று எனக்கும் மனசுக்கு நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் துரை வெள்ளை எலி வளர்த்தார். ஒரு கம்பிக் கூண்டில் இரண்டு எலி. கப்பலுக்குள் காற்றுக் கெட்டால் மனிதனுக்குத் தெரிவதற்கு முன்னே எலிக்குத் தெரிந்துவிடுமாம். அதனால் முன்பெல்லாம் கூடவே கொண்டுபோவார்களாம். லயத்தில் இந்தச் சங்கதி வேறு மாதிரி பரவியது. துரை பிள்ளையார் பக்தராகிவிட்டார், வாகனம் வந்துவிட்டது, இனிமேல் சாமி வர வேண்டியதுதான் பாக்கி என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை யாரோ இரண்டு கொழுக்கட்டையைக் கொண்டுவந்து கூண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டும் போனார்கள். துரை அதைத் தின்றுவிட்டு, இது யார் செய்தது, நன்றாயிருக்கிறது என்று என்னைக் கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. இதை நான் எழுதுகிற இந்த வயதிலும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

ஐந்து பேரும் வருஷத்தில் ஒரு நாள் மட்டும் வேறு மாதிரி கூடுவார்கள். பசறைத் துரையும் எங்கள் துரையும் இருந்த கப்பல் கடலடியில் போய் உட்கார்ந்த நாள் அது. அன்றைக்குப் பியானோ கிடையாது. என் சமையலும் கிடையாது. தகர டப்பா இறைச்சி, பல்லை உடைக்கிற பிஸ்கோத்து, பால் இல்லாத கொக்கோ. கோழியும் முட்டையும் கூடை நிறைய இருக்கிற வீட்டில் டப்பாவை வெட்டித் தட்டில் கவிழ்ப்பதற்கு ஒரு கோக்கி எதற்கு? முதல் வருஷம் நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். துரை என் தோளைத் தட்டி, இது உன் மேல் குறை இல்லை, அன்று நாங்கள் தின்றது இதுதான் என்றார்.

தின்று முடித்ததும் கோப்பி ஸ்டோருக்குப் போவார்கள். இந்த மலைகளில் தேயிலை வருவதற்கு முன் கோப்பி இருந்த காலத்தில் கட்டிய கட்டடம் அது. கோப்பி நோய் கண்டு அழிந்தபின் வௌவாலுக்கு விட்டுவிட்டார்கள். சுவர், கூரை, கதவு எல்லாம் தகரம். ஜன்னல் இல்லை. துரை அதைச் சுத்தம் பண்ணி, இடுக்குகளில் சாக்கைத் திணித்துத் தார் பூசி வைத்திருந்தார். ஐந்து பேரும் எலிக் கூண்டோடு உள்ளே போய், கதவுக்கு உள்பக்கம் இரும்புப் பாளத்தைக் குறுக்கே போட்டுக்கொள்வார்கள். விளக்குக் கிடையாது, பேச்சுக் கிடையாது. பொழுது சாயும்வரை இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். அதுவரை யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று தோட்டத்துக்கே உத்தரவு. உள்ளே என்ன செய்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. செத்தவர்களுக்குத் திதி கொடுக்கிறார்கள் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

நான் சொல்ல வந்த வருஷம், அந்த நாள் அடைமழைக் காலத்தில் வந்தது. துரைமார் உள்ளே போய்க் கொஞ்ச நேரந்தான் ஆகியிருக்கும். படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருவன் என் சமையல் குசினி வாசலில் வந்து நின்றான். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். கீழ் லயத்தில் இருந்தவன், என்னை அண்ணே என்று கூப்பிடுவான். அவன் பெண்டாட்டிக்கு அது மூன்றாவது பிள்ளைப்பேறு. முதல் இரண்டும் தங்கவில்லை. முந்தின நாளே வலி கண்டுவிட்டது என்பது எனக்குத் தெரியும். காலையில்தான் அவளுக்கு வெந்நீரும் ரொட்டித் துண்டும் கொடுத்தனுப்பியிருந்தேன்.

"பிள்ளை குறுக்க கெடக்காம்ணே. டிஸ்பென்சரய்யா கைய விரிச்சிட்டாங்க. பதுள ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனா ரெண்டு உசிரும் பொழைக்குமாம். தொரைகிட்ட சொல்லி காரக் கேளுங்கண்ணே."

நான் முற்றத்தைப் பார்த்தேன். மழையில் ஐந்து கார் வரிசையாக நின்றது. அந்த நாளுக்கு மட்டும் அவர்கள் வேலையாட்களைக் கூட்டி வரமாட்டார்கள். அவரவரே ஓட்டிக்கொண்டு வருவார்கள். எங்கள் துரையும் தன் காரைத் தானே ஓட்டுகிறவர். எங்களில் ஒருவனுக்கும் கார் விடத் தெரியாது. ஓட்டத் தெரிந்த ஐந்து பேரும் தகரத்துக்குள் அடைந்து கிடந்தார்கள்.

கார் இல்லாமலும் ஒரு வழி இருந்தது. கங்காணி அதற்குள் நாலு ஆட்களைப் பிடித்து, மூங்கிலில் கம்பளியைத் தொட்டில் மாதிரி கட்டிக்கொண்டிருந்தார். கார் ரோடு மலையைச் சுற்றிக்கொண்டு போவது, சுமந்து நடக்கிற தூரம் இல்லை. குறுக்குப் பாதையாலே ஓடையைத் தாண்டி லுணுகலைக்கு இறக்கிவிட்டால், கடைவீதியில் எந்த முதலாளியின் லொறியையாவது கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கலாம். ஆனால் ஓடை பெருகுவதற்கு முன்னே போக வேண்டும். கார் கிடைக்குமா, இல்லை தூக்குவதா என்று உடனே முடிவு பண்ண வேண்டியிருந்தது. உத்தரவாவது மண்ணாவது என்று நான் அவனைக் கூட்டிக்கொண்டு கோப்பி ஸ்டோருக்கு ஓடினேன்.

தகரத்தின் மேல் மழை விழுகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். அவனும் கத்தினான். பிறகு அவன் கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்துக் கதவில் மூன்று தட்டுத் தட்டினான். சற்று நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் உள்ளேயிருந்து மூன்று தட்டு வந்தது. தெளிவாக, ஒவ்வொன்றாக.

அவன் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கேட்டிருச்சுண்ணே, பதில் சொல்லிட்டாங்க" என்றான். எனக்கும் மூச்சு வந்தது. மறுபடி தட்டினான். மறுபடி பதில் வந்தது. துரை வெளியே வரப்போகிறார், அதற்குள் அவளைத் தயார் பண்ணி வை என்று நான் அவனை லயத்துக்கு அனுப்பினேன். வழுக்கலில் விழுந்து எழுந்து ஓடினான். கார் வருகிறது என்று கேட்டதும் கங்காணி, மழையில் எதற்குத் தூக்கி இழுபட வேண்டும் என்று மூங்கிலைக் கீழே வைக்கச் சொன்னாராம். எந்த மனிதனும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

நான் கதவடியில் நின்றேன். கதவு திறக்கவில்லை. நின்று பார்த்தேன், பிறகு கையாலேயே தட்டினேன். பதில் வந்தது. கதவு திறக்கவில்லை. இரும்புப் பாளத்தைத் தூக்க ஒருவன் போதும், உள்ளே ஐந்து பேர் இருக்கிறார்கள், என்ன விளையாட்டு இது என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. இரண்டு முஷ்டியாலும் போட்டு மொத்தினேன். உள்ளேயிருந்தும் அதே வேகத்தில் பல கைகள் தகரத்தை மொத்தின. அப்படியொரு பதிலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கேட்கிறது, ஆனால் வரவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அவன் திரும்பி வந்தான். கங்காணியும் வந்தார். கதவை உடைத்துவிடலாமா என்று நான் கேட்டேன். துரைமார் உள்ளே இருக்கிற கதவை உடைத்தவனுக்கு எந்தத் தோட்டத்தில் பெரட்டில் பேர் பதிந்து வேலை கொடுப்பார்கள் என்று கங்காணி திருப்பிக் கேட்டார். அதுவும் இல்லாமல், பதில்தான் வருகிறதே, வருகிறவர்களை எதற்கு உடைத்துக்கொண்டு போய்க் கூப்பிட வேண்டும் என்றார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒவ்வொரு பதில் வந்துகொண்டே இருந்தது. பதிலே வராமல் இருந்திருந்தால் முதல் தட்டிலேயே விட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். அந்தப் பதில்தான் எங்களை அங்கேயே கட்டிப்போட்டது. கடைசியில் பொறுக்க முடியாமல், தூக்கியாவது போவோம் என்று கங்காணி ஆளனுப்பினபோது, ஓடை பெருகிப் பாதையை மூடிவிட்டது என்று போனவன் திரும்பி வந்து சொன்னான்.

பொழுது சாய்ந்ததும் பாளத்தைத் தூக்குகிற சத்தம் கேட்டது. முதலில் பசறைத் துரை வந்தார். முகம் முழுதும் கண்ணீர். எங்களை அவர் பார்க்கவே இல்லை. பின்னால் வந்த எங்கள் துரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். துக்கத்தில் அழுகிற அழுகை இல்லை அது. எங்கள் துரை அவருடைய தோளுக்கு மேலாக எங்களைப் பார்த்தார். என்னை, கல்லைக் கையில் வைத்திருந்தவனை, மூங்கிலோடு நின்ற ஆட்களை. எலிக் கூண்டு அவர் கையில் இருந்தது. அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தட்டினது நீங்களா?" என்றார். அவர் தமிழ் நன்றாகவே பேசுவார்.

"நாங்கதான் தொரை. நீங்களுந்தான் பதில் தட்டுனீங்க," என்றேன். என்ன சங்கதி என்பதையும் சொன்னேன்.

அவர் முகத்தில் இரத்தம் இல்லாமல் போனதைப் பார்த்தேன். காருக்கு ஓடினார். மற்ற நாலு பேரும் ஏதோ தோட்டத்துச் சோலி என்று நினைத்துக்கொண்டு பங்களாவுக்குள் போனார்கள். கார் லயத்தடிக்குப் போயிற்று. துரையே இறங்கி, தலைமாட்டுப் பக்கம் கம்பளியைப் பிடித்துத் தூக்கினாராம். அவளையும் அவனையும் மருத்துவச்சியையும் ஏற்றிக்கொண்டு கார் போகிற சத்தம் குசினிவரை கேட்டது.

நான் மேசைக்குக் கொக்கோ கொண்டுபோனேன். பசறைத் துரை மற்றவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். அன்றுதான் முழுக் கதையும் எனக்குத் தெரிந்தது. கப்பல் கடலடியில் உட்கார்ந்தபோது முன்பாதியில் இருந்தவர்களுக்குக் காற்று இருந்தது. பின்பாதியில் தண்ணீர் ஏறியது. நடுவில் ஒரு இரும்புக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் பசறைத் துரையின் கூடப்பிறந்த தம்பி இருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து தட்டினார்கள். இந்தப் பக்கத்திலிருந்து திறந்தால் எல்லாரும் சாக வேண்டும். அதனால் திறக்கவில்லை. பதில் மட்டும் தட்டினார்கள். நாங்கள் இருக்கிறோம், கேட்கிறது என்று சொல்வதற்காக. அந்தப் பக்கத்துத் தட்டல் நிற்கும்வரை தட்டிக்கொண்டே இருந்தார்கள். தட்டியது எங்கள் துரை.

வருஷா வருஷம் கோப்பி ஸ்டோரில் அவர்கள் செய்தது இதுதான். பசறைத் துரை தகரத்தில் மூன்று தட்டுத் தட்டுவாராம். பிறகு எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்களாம். ஒன்றும் கேட்காதாம். பொழுது சாய்ந்ததும் எழுந்து வந்துவிடுவார்களாம். இந்த வருஷம் பதில் வந்தது. என் தம்பி மன்னித்துவிட்டான் என்று அவர் சொன்னார். பண்டாரவளைத் துரை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கொக்கோக் கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டு, தட்டினது நாங்கள் துரை, ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்காகத் தட்டினோம் என்று தமிழிலேயே சொன்னேன். பசறைத் துரை என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குக் கோபமே வரவில்லை. நீ தட்டியிருப்பாய், அது பிறகு. முதலில் கேட்டது அது இல்லை என்றார். குழந்தைக்குச் சொல்வதுபோல் மெல்லச் சொன்னார்.

அவள் பசறை தாண்டியதும் செத்துப்போனாள். பிள்ளை வயிற்றிலேயே இருந்தது. அவன் அதைத் துரையிடம் சொல்லவில்லை. சொன்னால் காரைத் திருப்பிவிடுவார்களோ, ஆசுபத்திரி வரைக்கும் போய்விட்டால் ஏதாவது செய்வார்களோ என்று அவளுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தானாம். மருத்துவச்சியும் வாயைத் திறக்கவில்லை. துரை அந்த மழையில், வளைவுகளில், செத்தவளுக்காகப் பதுளைவரை காரைப் பறக்கவிட்டார்.

பிள்ளை வயிற்றோடு செத்தவளுக்குச் சுமைதாங்கி வைப்பது எங்கள் ஜனங்களின் வழக்கம். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்துவார்கள். வழியில் போகிறவர்கள் அதில் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறினால், இறக்க முடியாத சுமையோடு போனவளுக்கு ஆறுதல் என்று நம்பிக்கை. அவன் துரையிடம் போய் இடம் கேட்டான். எங்கே வேண்டும் என்று துரை கேட்டார். கோப்பி ஸ்டோருக்கு எதிரே, கொழுந்துக் கூடையோடு பெண்கள் ஏறிவருகிற பாதையோரம் என்றான். துரை தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார். கல் நட்ட அன்று தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் பின்னால் நின்றார். அந்த வருஷமும் தேயிலைப் பெட்டிகள் கட்டினோம். இந்தத் தடவை அவர் ஒன்றையும் குலுக்கிப் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் அந்த நாள் வந்தபோது இனி இந்தக் கூத்து நடக்காது என்றுதான் நான் நினைத்தேன். நாலு காரும் வந்து நின்றன. டப்பா இறைச்சியைத் தின்றார்கள். முந்தின வருஷம் பதில் கேட்டவர்கள் விடுவார்களா? பசறைத் துரை கல்யாண வீட்டுக்குப் போகிறவர்போல் முகம் மழித்து வந்திருந்தார். நாலு பேரும் உள்ளே போனார்கள். எங்கள் துரை போகவில்லை. யாராவது அவசரத்துக்கு வந்தால் தான் ஒருவராவது வெளியே இருக்க வேண்டும் என்று அவர்களிடம் சொன்னார். அது எனக்குச் சரியாகத்தான் பட்டது. மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு கதவடியில் காவல் நின்றார். யாரும் வரவில்லை. வருவதற்கு அன்றைக்கு யாருக்கும் அவசரம் இல்லை.

நான் சுமைதாங்கி அருகே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏன் நின்றேன் என்று கேட்டால், அந்தக் கதவை அன்றைக்குப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. மழை கொஞ்சம் விட்டிருந்தது. உள்ளேயிருந்து மூன்று தட்டுக் கேட்டது. பிறகு நிசப்தம். பசறைத் துரை மறுபடி தட்டினார். மறுபடியும் நிசப்தம். எங்கள் துரை கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மூன்றாம் தடவை தட்டல் வந்தது. அது தட்டலாகவே இல்லை, கெஞ்சல். துரை கையைத் தூக்கி, வெளியிலிருந்து தகரத்தில் மூன்று தட்டுத் தட்டினார்.

திரும்பினவர் என்னைப் பார்த்துவிட்டார். நான் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய கண்ணில் இருந்தது இரக்கம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் எனக்கு எரிச்சல் பொங்கியது. கடலில் செத்தவனுக்குப் பதிலாகத் தட்டக் கை இருக்கிறது. உயிரோடு கிடந்தவளுக்காக ஒரு பாளத்தைத் தூக்க அன்றைக்கு ஐந்து பேர் இருந்தும் கை இல்லை. இனி ஒவ்வொரு வருஷமும் இவர் தட்டுவார், அவர் அழுவார், மற்றவர்கள் கண்ணைத் துடைப்பார்கள். அப்படித்தான் நடந்தது. நான் அந்தத் தோட்டத்தை விட்டு வரும்வரை நின்றபாடில்லை.

அந்த எரிச்சல் ஆறுமுன்னே, லுணுகலைச் சந்தைக்குப் போய்த் திரும்புகிற வழியில், தலைச்சுமையைச் சுமைதாங்கியில் இறக்கினேன். செத்தவளின் புருஷன் அங்கே கல்லடியில் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். வேறு பெண் பார் என்று சொன்னவர்களோடு அவன் பேசுவதையே விட்டிருந்தான். என்னோடு மட்டும் பேசுவான். அவங்க ஏண்ணே பதில் தட்டுனாங்க, தட்டிட்டு ஏன் வரல என்று அவன் என்னைப் பல தடவை கேட்டிருக்கிறான். இதுவரை மழுப்பி வந்தேன். அன்றைக்கு மழுப்பவில்லை. கடலடியில் இருந்த கப்பலை, இரும்புக் கதவை, பசறைத் துரையின் தம்பியை, துரை அடுத்த வருஷம் வெளியே நின்று தட்டினதை, எல்லாவற்றையும் சொன்னேன். அவனும் என்னோடு சேர்ந்து திட்டுவான் என்று எதிர்பார்த்தேன்.

அவன் திட்டவில்லை. கையில் இருந்த புல்லைக் கீழே போடாமல் வைத்துக்கொண்டு வெகுநேரம் கோப்பி ஸ்டோரையே பார்த்தான்.

"அன்னைக்கு நான் ஓடிப்போய் அவகிட்ட சொன்னேன்ணே. தொர பதில் தட்டிட்டாங்க, வர்றாங்கன்னு. அந்த வலியிலயும் சிரிச்சா. நம்ம தட்டுனா தொரைக்குக் கேக்குதான்னு கேட்டா." கையில் இருந்த புல்லை விரலில் சுற்றினான். "அப்ப அது அவளுக்குச் சொன்ன பதில் இல்லையாண்ணே?"

அவன் பதிலுக்காகக் காத்திருந்தான். பிறகு புல்லை ஓரமாகப் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, சுமைதாங்கியிலிருந்து என் மூட்டையைத் தூக்கித் தலையில் ஏற்றிவிட்டான். அப்புறம் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனான்.